உவரிக்குப் போன ஒத்தை டயர்

போன வாரம் நம்ம மோட்டார் செட்டுப் பக்கமா வந்தேன். வேலையை விட்டாச்சுன்னு வீட்டுல எத்தனை நாள்தான் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு படுத்துக் கிடக்கது? உள்ள நுழையும்போதே உங்கள்ல ஒருத்தன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் சாச்சுப் போட்டுக்கிட்டு, தேஞ்சுபோன டயர்ல இருக்க நம்பரைச் சீட்டுல குறிக்கான். "என்னலே செய்யுதே?"ன்னு கேட்டேன். "டயர் மாத்தணும் அண்ணாச்சி. இதே நம்பர்ல ரெண்டு வாங்கிட்டு வந்து மாட்டணும், அம்புட்டுதானே"ன்னான். எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. அம்புட்டுதானாம்லா! நம்பரைப் படிக்கதுக்கு மெக்கானிக் எதுக்குலே, மூணாங்கிளாஸ் பிள்ளை போதாதா?

அன்னைக்கு ஏசிட்டுப் போயிட்டேன். ஏசினா மட்டும் போதாது, ஏன் ஏசினேன்னும் சொல்லணும்லா. அதான் இன்னைக்கு வேலை முடிஞ்ச பெறவு உங்க எல்லாரையும் உக்கார வச்சிருக்கேன். காப்பியைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க. நடுவுல எவனும் கடியாரத்தைப் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

பழைய வண்டிக்கு டயர் வாங்கணும்னா முதல்ல வண்டியைப் பாக்காதீங்க. அது எந்தப் பாதையில போகுது, யாரைக் கூட்டிட்டுப் போகுது, எதுக்குப் போகுதுன்னு கேளுங்க. அதுக்குப் பெறவு குனிஞ்சு நம்பரைப் பாருங்க. இதை நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல. கடலோரம் உவரிக்குப் போற வழியில, மணல்ல குப்புற விழுந்து எந்திரிச்சுப் படிச்சேன்.

அது முதல் உலகச் சண்டைக் காலம். எனக்குப் பாளையங்கோட்டையில சைக்கிள் கடை. மோட்டார் சைக்கிள்னு இந்தச் சுத்துவட்டாரத்துல விரல்விட்டு எண்ணிரலாம். அதுல ஒண்ணு எங்க ஊரு ஆஸ்பத்திரி டாக்டரய்யா வச்சிருந்தது. அணைக்கட்டு வேலை பாத்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு வித்துட்டுப் போன வண்டி. வாங்கும்போதே கிழடு. சங்கிலி கிடையாது, பெல்ட்டுதான் பின் பைதாவை, அதான் சக்கரத்தை, சுத்தும். சைக்கிள் மாதிரி பெடலை மிதிச்சுத்தான் கிளப்பணும். தூரப் பயணம்னா டாக்டர் என்னையும் பின்னால கேரியர்ல ஏத்திக்கிடுவார். வழியில நின்னுபோச்சுன்னா அவருக்கு மனுசனைத்தான் பிரிக்கத் தெரியும், எஞ்சினைப் பிரிக்கத் தெரியாதுல்லா.

அவர் பாளையங்கோட்டை வேதக்காரர், யேசுவைக் கும்பிடுதவர். கிளம்பும் முன்னால கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் பெடல்ல காலை வைப்பார். நான் பின்னால உக்காந்து என் சுடலைமாடனைக் கும்பிட்டுக்கிடுவேன். என் பேரே அதுதான், சுடலை. "உம்ம சாமியும் என் சாமியும் சேந்துதான்வே இந்தப் பழைய வண்டியைத் தள்ளுதாங்க"ன்னு சிரிப்பார்.

ஒருநாள் அந்த வண்டி என் கடை வாசல்ல நிக்குது. ரெண்டு டயரும் தேஞ்சு உள் துணி பல்லைக் காட்டுது. டாக்டர் அதைப் பாக்கத்தான் வந்திருந்தார். அந்த நேரம் பாத்து அவரைத் தேடிக்கிட்டு ஒரு ஆளு வாரார். மிக்கேல்னு பேரு, உவரிக்காரர், கருவாட்டு வியாபாரம். வள்ளியூர் சந்தைக்குச் சரக்கு கொண்டுவருவார், சில சமயம் இங்கன வரைக்கும் வருவார். நல்ல வாட்டசாட்டமான மனுசன். டாக்டரைப் பாத்ததும் சின்னப்பிள்ளை கணக்கா அழுதுட்டார்.

விசயம் இதுதான். அவர் சம்சாரம் ரோசம்மாள் மாசமா இருக்கா. ஏற்கெனவே ரெண்டு பிள்ளை தங்கல. முதல் பிள்ளை வீட்டுலயே போச்சு. ரெண்டாவதுக்கு வலி கண்டதும் மாட்டுவண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்காங்க. நாங்குநேரி தாண்டுததுக்குள்ள வண்டிக்குள்ளயே பிள்ளை பொறந்து செத்துப்போச்சு. தாயை நம்ம டாக்டர்தான் பொழைக்க வச்சார். அப்பவே சொல்லிட்டார், அடுத்த பேறுகாலத்துக்கு ஒரு டாக்டர் பக்கத்துல இல்லன்னா பிள்ளை மட்டுமில்ல, தாயும் போயிருவான்னு.

"ஒரு மாசம் முன்னாலயே இங்கன கூட்டிட்டு வந்துரும்னு சொன்னேன்லா?"ன்னு டாக்டர் கேட்டார்.

"வரமாட்டேங்கா அய்யா. செத்தாலும் என் வீட்டுல சாவேன், அந்த மாட்டுவண்டியில இன்னொருக்க ஏறமாட்டேன்னு காலைக் கட்டிக்கிட்டு அழுதா. வண்டி மணிச்சத்தம் கேட்டாலே கிடுகிடுன்னு நடுங்குதா. நான் என்ன செய்வேன்?"

டாக்டர் தேஞ்ச டயரை ஒருக்க பாத்தார். பெறவு, "சரி, அவ வரவேண்டாம். நான் வாரேன். வலி கண்ட உடனே வள்ளியூருக்கு ஆளை ஓடவிட்டு எனக்குத் தந்தி அடிச்சிரும். மோட்டார்ல வெருசா வந்துருவேன்"ன்னார். மிக்கேல் வண்டியைச் சுத்திப் பாத்துட்டு, "எங்க ஊருப் பாதை முழுக்க மணலுல்லா அய்யா, இது வருமா?"ன்னு கேட்டார். "மணல்ல கொஞ்சம் திணறும். ஆனா வந்துரும்"ன்னு சொல்லிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னவே சுடலை, போயிரலாம்லா?"

மிக்கேல் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கார். "போயிரலாம்யா. ஆனா இந்த டயர்ல இல்ல"ன்னேன்.

சொல்லிட்டேன். இனி டயருக்கு எங்க போக? சண்டைக் காலத்துல சீமையிலருந்து கப்பல்ல டயரா வருது? மதராசுக்கு எழுதிப் போட்டா மாசக்கணக்கா பதிலே வராது. ரோசம்மாள் அம்புட்டு நாள் பொறுக்க முடியுமா? அதனால மறுநாளே ரயிலேறி, மணியாச்சியில வண்டி மாறி, தூத்துக்குடிக்குப் போனேன். அங்கன துறைமுகத்துத் தெருவுல சைக்கிள் சாமான், மோட்டார் சாமான் விக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருந்தார். எள்ளைக் கேட்டா எண்ணெயையும் சேத்து வித்துருவார், அப்படி வாய்.

எந்த வண்டி, எந்த ஊருன்னு நான் சொன்னதும் பரண்லருந்து ஒரு ஜோடியை இறக்கினார். சுத்தின காகிதம் கூடப் பிரியல. நம்ம வண்டிக்கு உண்டான அதே அளவு, அதே நம்பர். ரப்பருக்கு மேல தோல்பட்டை ஒட்டி, அதுல வரிசையா இரும்புக் குமிழ் பதிச்சிருந்துச்சு. பாக்கதுக்கு என்னமா இருந்துச்சுங்கிய! தேர்ச் சக்கரம் தோத்துப்போகும்.

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும் வே"ன்னார் அண்ணாச்சி. "உவரிக்குப் போற ராதாபுரம் பக்கம் பூரா உடைமுள்ளு. இந்த இரும்பைத் தாண்டி ஒரு முள்ளு உள்ள போயிருமா?"

எவனா இருந்தாலும் அந்த இடத்துல விழுந்துருவான். புதுசு, ஜோடி, நம்பரும் சரி. நான் அந்தக் குமிழைத் தடவிப் பாத்துக்கிட்டே யோசிக்கேன். இதைச் செஞ்சவன் எந்த ஊருக்குச் செஞ்சான்? அவன் ஊருல எப்பவும் மழை, சேறு. சேத்துல வழுக்காம இருக்க இரும்பு வச்சான். நாங்குநேரி ரோட்டுல உச்சி வெயில்ல இதை ஓட்டினா என்ன ஆகும்? இரும்பு கொதிக்கும். தோலு காஞ்சு முறுக்கும், உள் துணி வெந்துபோகும். அந்த ரோட்டுல செருப்பில்லாம நடந்தவன் நான், சூடு எனக்குத் தெரியும். வள்ளியூர் போறதுக்குள்ள பட்டை கழண்டு தொங்கும். அப்படியே தப்பிச்சாலும், இந்த ஒல்லி டயர் மணல்ல கத்தி மாதிரி இறங்கிரும்.

"வேற என்ன இருக்கு அண்ணாச்சி?"

அவருக்கு முகம் சுருங்கிப்போச்சு. உள்ளருந்து ஒத்தை டயர் ஒண்ணை உருட்டிட்டு வந்தார். மலைத் தோட்டத்துத் துரை ஒருத்தன் சைடுகார் வண்டிக்குன்னு சொல்லி வச்சதாம். துரை சண்டைக்குப் போயிட்டான், டயர் இங்கனயே தங்கிட்டுது. தடியன். ரிம்முல மாட்டுற உதடு நம்ம வண்டிக்குச் சரியான அளவு, வயிறு மட்டும் பெருசு. குமிழும் கிடையாது, பூவும் கிடையாது, சும்மா வழுக்கை. மோந்து பாத்தேன், ரப்பர் வாசம் போகல. நகத்தை அமுக்கினேன், பள்ளம் உடனே எழும்பிட்டு. மடக்கிப் பாத்தேன், ஒரு கீறல் விழல. பக்கவாட்டுல நல்ல கனம்.

இப்ப நீங்க மணல் வந்தா காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போறிய. அந்தக் காலத்து டயர்ல அந்தப் பருப்பு வேகாது. காத்துக் குறைஞ்சா ரிம்மை விட்டுக் கழண்டு போயிரும். நிறைஞ்ச காத்தோடயே மணல்ல மிதக்கணும்னா இப்படி வயித்துக்காரன்தான் வேணும்.

"இதைக் கொடுங்க"ன்னேன்.

"ஒண்ணுதான்வே இருக்கு. ஒத்தை டயரை வச்சு என்ன செய்வீரு? மாலையாப் போட்டுக்கிடுவீரா?"

"மாலையாப் போட்டாலும் போடுவேன். உம்ம இரும்புக் குமிழை மாத்திரம் எடுக்க மாட்டேன்."

மாலையாத்தான் போட்டுக்கிட்டு வந்தேன். ரயில்ல உக்கார இடம் இல்ல, கழுத்துல டயரோட நின்னுக்கிட்டே ஊரு வந்து சேந்தேன். ஒரு ஆளு, "என்ன அண்ணாச்சி, வேண்டுதலா?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன்.

டாக்டருக்குக் கோவம்னா கோவம். "ரெண்டு டயருக்கு அனுப்பினா ஒண்ணைக் கொண்டுட்டு வாரீரே! அளவு சரியா ஒரு ஜோடியே இருந்துச்சாம்லா?"ன்னார். எப்படியோ அவர் காதுக்கு வந்துட்டு. வெயிலைச் சொன்னேன், தோலைச் சொன்னேன், மணலைச் சொன்னேன். முகம் கொஞ்சம் இளகிச்சு. "சரி. இதைப் பின்னால மாட்டிரும்"ன்னார். கூட நின்ன கம்பவுண்டரும், "பின்னதானே பாரம் பூரா, அங்கனதான் நல்லது போடணும்"னு தாளம் போட்டார். தெருவுல போனவன்கூட வந்து பின்னாலன்னுதான் சொன்னான். நம்ம ஊருல டயருக்கு யோசனை சொல்லதுக்கு மட்டும் ஆளுக்கா பஞ்சம்?

நான் முடியாதுன்னேன். "இது முன்னால போடுற டயர்யா. பழசு ரெண்டுல நல்லதை எடுத்து, உள்ள தோல்துண்டு வச்சுத் தச்சுப் பின்னால மாட்டுதேன்."

"ஏன்வே இப்படிப் பிடிவாதம் பிடிக்கீரு?"

"பின்னால வெடிச்சா உக்காருவிய. முன்னால வெடிச்சா விழுவிய. வேகத்துல முன் டயர் கழண்டு கவட்டுக் கம்பியில மாட்டிச்சுன்னா தலைகுப்புறத்தான். நீங்க விழுந்துட்டா அந்தப் பொம்பளைக்கு யாரு இருக்கா?"

"சரி, பின்னால இருக்க ஒட்டுப்போட்டது வெடிச்சா?"

"பின் பைதா மேல உக்காந்து வாறது நான்தானேய்யா. நானே பயப்படல. உங்களுக்கு என்ன?"

 அவர் சிரிச்சுட்டார். "மாட்டும்"னார். மட்கார்டைத் தட்டி விலக்கினது, தச்சது எல்லாம் கைவேலை, அதை விடுங்க. இதை மட்டும் பிடிச்சுக்கிடுங்க. சாமான் பத்தலன்னா எது உடைஞ்சா பொழைப்போம், எது உடைஞ்சா பொழைக்க மாட்டோம்னு முதல்ல பிரிச்சுக்கிடணும். நல்ல சாமான் பொழைக்க முடியாத இடத்துக்குப் போகணும். ஊரே கூடி நின்னு கத்தினாலும் அதுல அசையக் கூடாது.

தந்தி ஒரு காலையில வந்துச்சு. டாக்டர் ஆஸ்பத்திரியிலருந்து பையைத் தூக்கிட்டு ஓடியாரார், நான் கடையை அப்படியே போட்டுட்டு ஏறினேன். அன்னைக்கு ஜெபம் ரொம்பச் சின்னது. நாங்குநேரி தாண்டும்போது வெயில் மண்டையைப் பிளக்குது. வள்ளியூர்ல நிப்பாட்டிப் புறங்கையை வச்சுப் பாத்தேன், ரெண்டு டயரும் சூடுதான், ஆனா தாங்குற சூடு. தந்தி ஆபீசு வாசல்ல மிக்கேலோட தம்பி நிக்கான். நடுச்சாமத்துலயே வலி கண்டுட்டு, தான் கிளம்பும்போதே பனிக்குடமும் உடைஞ்சுட்டு, ஆனா பிள்ளை இறங்கலைன்னு சொன்னான். டாக்டர் ஏறி உக்காந்தார். பெடலை மிதிச்சார்.

ராதாபுரம் வரைக்கும் ரோடுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத் தாண்டினா வண்டித்தடம். ரெண்டு பக்கமும் பனை, கீழ செம்மணல். அங்கனதான் அந்த வயித்துக்காரன் என்னன்னு காட்டினான். முன் பைதா புதையாம மிதந்து போகுது, பின்னது அது அமுக்கின தடத்துலயே வருது. திணறுன இடத்துல நான் குதிச்சுத் தள்ளுவேன், பெறவு ஏறிக்கிடுவேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குசாலு. தூத்துக்குடி அண்ணாச்சி இதைப் பாக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்.

கடைசி மேடு ஏறினதும் கடல் தெரியுது, உவரிக் கோயில் உச்சிச் சிலுவை தெரியுது. கீழ இறங்குற தடத்தைப் பாத்தா, மணலே தெரியல. பச்சைப் பனைமட்டையை வெட்டிக் குறுக்க நெருக்கமா அடுக்கி, ஊரு வரைக்கும் பாய் விரிச்ச மாதிரி போட்டிருக்காங்க. "பாத்தீராவே, நமக்குப் பாதை போட்டிருக்காங்க!"ன்னு டாக்டர் சந்தோசமா வேகத்தைக் கூட்டிட்டார்.

நான் அவர் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். பனைமட்டையோட ரெண்டு ஓரமும் என்னன்னு தெரியும்லா? கருக்கு. ரம்பப் பல்லு மாதிரி கருகருன்னு இருக்கும், லேசா உரசினாலே கையில ரத்தம் வரும். "வேண்டாம்யா, நிப்பாட்டுங்க!"ன்னு கத்துதேன். எஞ்சின் சத்தத்துல அவருக்குக் கேக்கல. சரிவுல வண்டி பறக்குது. படபடன்னு மட்டை மேல ஏறிச்சு. கொஞ்ச தூரம் போனோமோ இல்லையோ, டமார்னு என் அடியில வெடிச்சுது. வண்டி இங்கிட்டும் அங்கிட்டும் ஆடி, பொத்துன்னு பின்பக்கம் உக்காந்துச்சு. ரெண்டு பேரும் பைய மணல்ல சாஞ்சோம். நான் குப்புற விழுந்தேன், வாய் நிறைய மணல். டாக்டருக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்ல. பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எந்திரிச்சார்.

பின் டயர் பக்கவாட்டுல நீளமாக் கிழிஞ்சு கிடக்கு. முன் டயரைக் குனிஞ்சு பாத்தேன். பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடா இருந்துச்சு, ஒண்ணுகூட உள்ள இறங்கல. அந்த வேகத்துல இது பின்னால, ஒட்டுப்போட்டது முன்னால இருந்திருந்தா டாக்டர் தலைகுப்புறப் போயிருப்பார்.

"எம்புட்டு நேரம்வே ஆகும்?"ன்னார் டாக்டர். பையைக் கீழ வைக்கப் போறார். என் மேல அவருக்கு அம்புட்டு நம்பிக்கை. நான் சரி பண்ணிருவேன், ஏறிப் போயிரலாம்னு நிக்கார்.

இங்கனதான் நல்லாக் கேளுங்க. நம்ம தொழில்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி நின்னுட்டா, இந்தா ஆச்சு, ஒரு நிமிசம்னு சொல்லிக்கிட்டே இருப்பான். தோத்துட்டேன்னு சொல்ல நாக்கு எழும்பாது. எனக்கும் எழும்பல. தூத்துக்குடி வரைக்கும் போயி, ஊரையெல்லாம் எதுத்துக்கிட்டு, மாலையாப் போட்டுச் சுமந்து கொண்டாந்த டயர். வீட்டு வாசல் வரைக்கும் மோட்டார்லயே அவரைக் கொண்டு இறக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? ஆனா ஊரு கண்ணு முன்னால தெரியுது, உள்ள ஒருத்தி உசுருக்குப் போராடுதா.

"சரி பண்ணிருவேன்யா. ஆனா நான் பண்ணுறதுக்குள்ள நீங்க நடந்தே போயிரலாம். வண்டியை மறந்துருங்க. போங்க, ஓடுங்க!"ன்னேன்.

அவர் கிளம்பிட்டார். எதுக்க ஓடிவந்த மிக்கேல் பையை வாங்கிக்கிட, ரெண்டு பேரும் மணல்ல ஓடினாங்க. அந்தக் கிழிஞ்ச டயரை அன்னைக்கு நான் தொட்டிருந்தேன்னா, இந்தக் கதையை உங்ககிட்ட சொல்ல எனக்கு மூஞ்சி இருந்திருக்காது.

அவங்க தலை மறைஞ்சதும் எனக்கு ஏறிச்சு பாருங்க கோவம். தடத்தோரமா ஏழெட்டுப் பேரு அரிவாளும் கையுமா நிக்காங்க. மட்டை வெட்டிப் போட்ட ஆளுக. "கூறுகெட்ட மூதிகளா! எவம்லே கருக்கோட மட்டையைப் போட்டது? டாக்டர் கழுத்து முறிஞ்சிருந்தா உங்க பாட்டனா வந்து பிரசவம் பாப்பான்?"ன்னு வாயில வந்ததையெல்லாம் ஏசுதேன்.

ஒருத்தர் மட்டும் பைய, "வண்டி புதைஞ்சிரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி"ன்னார். அந்தப் பக்கம் வழக்கமே அதுதான். மாட்டுவண்டி மணல்ல மாட்டிக்கிட்டா மட்டையை வெட்டிக் குறுக்க போட்டு ஏத்துவாங்க. அது இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கருக்கு அதை என்ன செய்யும்? ரப்பர் பைதாவை அவங்க யாரு கண்டா?

எனக்கு ஆறல. "யாரு சொல்லிப் போட்டிய? அந்த ஆளைக் காட்டுங்க, நாலு வார்த்தை கேக்கணும்"னேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல. இன்னும் ஏசினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அம்புட்டையும் வாங்கிக்கிட்டாங்க.

பெறவு அவங்களே ஓடிப்போயி வலைக் கயிறு கொண்டுவந்தாங்க. அதை டயருக்குள்ள இறுக்கித் திணிச்சு, மேல வரிஞ்சு கட்டி, வண்டியைத் தூக்கித் தடத்துக்கு வெளிய வச்சாங்க. நான் தட்டுத்தடுமாறி ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள போனேன். போகும்போது கருக்குமட்டைத் துண்டு ஒண்ணைக் கையோட எடுத்துக்கிட்டேன். போடச் சொன்ன புண்ணியவான் மூஞ்சிக்கு நேரா அதைக் காட்டணும்லா.

மிக்கேல் வீட்டு வாசல்ல எஞ்சினை நிறுத்தினேன். உள்ள ஒரே அலறல். மிக்கேல் சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கார். நான் வாசல்லயே உக்காந்துட்டேன். சுடலைமாடனைக் கூப்பிட்டேன், அவங்க மாதாவையும் கூப்பிட்டேன், யாரு கேட்டாலும் சரின்னு. அலறல் திடீர்னு நின்னுபோச்சு. நான் எந்திரிச்சு நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளருந்து குவா குவான்னு ஒரு சத்தம் வருது.

டாக்டர் வெளிய வந்தார். சட்டை பூரா வேர்வை. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொம்பளைப் பிள்ளை"ன்னார். பெறவு என் பக்கத்துல வந்து உக்காந்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "நீர் சரி பண்ணுறவரைக்கும் நான் நின்னிருந்தா தாய் இல்லவே"ன்னார். நான் அழுதுட்டேன். ஏன் மறைக்கணும், தேம்பித் தேம்பித்தான் அழுதேன்.

அன்னைக்கு அங்கனயே தங்கிட்டோம். காலையில கிளம்பும்போது, ரோசம்மாள் மோட்டார்காரரைப் பாக்கணுங்கான்னு கூப்பிட்டாங்க. கதவோரமா நின்னேன். துணியில சுத்தின பிள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, முகம் வெளுத்துப்போய்ப் படுத்திருக்கா. என் கையில அந்த மட்டைத் துண்டு இருக்கு. ஆளைக் கண்டுபிடிக்காம ஊரை விட்டுப் போறதில்லன்னு காலையிலயும் எடுத்து வச்சிருந்தேன்.

"வண்டிச் சத்தம் கேட்டுது அண்ணாச்சி. அதைக் கேட்ட பெறவுதான் எனக்குத் தெம்பே வந்துச்சு"ன்னா. குரலே எழும்பல அவளுக்கு. "மணல்ல மோட்டார் திணறும்னு டாக்டரய்யா சொன்னாகன்னு இவுக வந்து சொன்னாக. அன்னையிலருந்து எனக்கு அதே நினைப்புதான். நேத்து வலி கண்டதும் நான்தான் எல்லாரையும் அனுப்பி மட்டை வெட்டிப் போடச் சொன்னேன். ஓலை தாங்காது, மட்டையாவே போடுங்கன்னேன். வண்டி லேசா வந்துச்சா அண்ணாச்சி?"

வலியில துடிச்சுக்கிட்டு ஒருத்தி எங்களுக்குப் பாதை போட்டிருக்கா. மிக்கேல் என்னைப் பாக்கார். டாக்டர் என்னைப் பாக்கார். வாசல்ல, நேத்து என்கிட்ட ஏச்சு வாங்கின ஆளுகள்ல ஒருத்தர் நிக்கார். அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட்டு அவங்க அவ பேரைச் சொல்லவே இல்ல. நான் மட்டைத் துண்டை முதுகுப் பக்கம் மறைச்சுக்கிட்டேன்.

"பூப்போல வந்துச்சு தாயி"ன்னேன்.

அவ சிரிச்சா. நான் வெளிய வந்து, மட்டையை வேலிக்கு அங்கிட்டு வீசிட்டு, டாக்டர் பின்னால ஏறி உக்காந்தேன்.

ஊரு தாண்டி மணல் தடத்துக்கு வந்தா, மட்டை மறுபடியும் அதே மாதிரி அடுக்கிக் கிடக்கு. டாக்டர் சட்டுனு நிப்பாட்டினார். நான் இறங்கிப் போயி ஒரு மட்டையைத் தூக்கினேன். ஓரத்தைத் தடவினா வழுவழுன்னு இருக்கு. அடுத்ததைத் தூக்கினேன், அதுவும் அப்படித்தான். மேடு வரைக்கும் ஒரு மட்டையில ஒரு பல்லு இல்ல. அத்தனை கருக்கையும் சீவி எறிஞ்சுட்டு, மட்டையைத் திரும்ப அடுக்கியிருக்காங்க. பனையடியில அந்த ஆளுக குத்தவச்சு உக்காந்திருக்காங்க, மடியெல்லாம் சீவின தூளு. ஒருத்தர் எந்திரிச்சு, "இப்ப ஏறிப் போங்க அண்ணாச்சி"ன்னார்.

ஏறினோம். நான் அவகிட்ட சொல்லிட்டு வந்த பொய்யை இவங்க மெய்யாக்கி வச்சிருந்தாங்க. ஒத்தை டயரும் கயிறு திணிச்ச டயருமா, மேடு ஏறுத வரைக்கும் வண்டி பூப்போலதான் போச்சு.